முன்கண்ணாடிக்குத் தண்ணீர்

காரை எடுத்துப் போகக் கொழுந்தன் சாயங்காலம் வருகிறான் என்ற செய்தி, நர்ஸம்மாவுக்குக் காலை டீயோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. சொன்னவர் அவள் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட்டை டீயில் முக்குவதில் மும்முரமாகிவிட்டார். பாதி பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அதை ஸ்பூனால் தேடுவது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"எந்தக் காரை?" என்றாள் நர்ஸம்மா, வாசலில் நாலு கார் நிற்பது மாதிரி.

"நம்ம காரைத்தான். இனிமே தம்பி வச்சு ஓட்டட்டும். உனக்கு எங்கயாச்சும் போகணும்னா அவனுக்கு ஒரு போன் போடு, வந்து கூட்டிட்டுப் போவான்."

"அவன் இருக்கறது ஊரோட அந்தக் கோடியில. தச்சருக்குக் கால்ல கட்டு மாத்தணும்னு நான் போன் போட்டு, அவன் குளிச்சு, தலை சீவி, கிளம்பி வர்றதுக்குள்ள புண்ணு முழங்காலுக்கு ஏறிடும்."

"வாடகை வண்டி இல்லையா ஊருல?"

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நர்ஸம்மா வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறாள், ஊசி போடுகிறாள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துவிடுகிறாள். காரின் பின்சீட்டுதான் அவளுடைய மருந்து அலமாரி. அவள் போகிற சந்துகளுக்குள் வாடகை வண்டிக்காரன் எவனும் வரமாட்டான். வந்தாலும் காத்து நிற்கமாட்டான். கார் போனால் அந்த வேலையும் போயிற்று. அதன் பிறகு காலையிலிருந்து ராத்திரி வரை இந்த நாலு சுவருக்குள் இவர் பிஸ்கட் முக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இந்தக் கதை முடிவதற்குள் ஆளாளுக்கு அவரைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், மனைவி சம்பாதிக்கிறாள் என்று யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தால் ஒற்றைக்காலில் நிற்பார். கார் ஓட்டவும் அவருக்கு வராது. இளமையில் ஒருமுறை கற்றுக்கொள்ளப் போனார். சொல்லிக்கொடுத்த ஆளே வீடு தேடி வந்து, "சார், உங்களுக்கு வேற எல்லாம் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் முன்சீட்டில் உட்கார்ந்து வாயால் மட்டுமே ஓட்டுகிறார்.

இத்தனைக்கும் காரணம் போன வாரம் நடந்தது. மழை தூறி நின்ற ஒரு சாயங்காலம். இருவரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் முன்னால் போன மணல் லாரி குழியில் இறங்கி ஏறி, சேற்றை வாரி முன்கண்ணாடி மேல் அடித்தது. எதிரே இறங்குவெயில். நர்ஸம்மா ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியைத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்தால் கண்ணாடி மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை. வைப்பர் மட்டும் ஓடி, புள்ளி புள்ளியாக இருந்த சேற்றைக் கண்ணாடி முழுக்க மெழுகிவிட்டது. வீடு இதோ வந்துவிட்டதே என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு மெதுவாக கேட்டுக்குள் திருப்பினாள். வீட்டுக்காரர் "லெஃப்ட்டு, லெஃப்ட்டு, ஐயோ ரைட்டு!" என்று அலறினார். தூண் உரசியது. பக்கத்துக் கண்ணாடி உடைந்து தொங்கியது.

நின்றிருக்கலாம். இறங்கித் துணியால் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். அவளும் அதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்காரர் சொன்னது வேறு.

"உனக்குக் கண்ணு போச்சு."

தண்ணீர் வரவில்லை என்று அதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை அவரிடம் சொல்லியிருந்தாள். "நான் பார்த்துக்கறேன், டேங்க்கு ரொம்பித்தான் இருக்கு" என்று அவரும் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சே நடக்காதது போல இப்போது கண் மேல் பழியைப் போட்டார். அவள் மறுநாளே பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் போனாள். தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, படிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வந்து சொன்னாள். "நாற்காலியில உக்கார வச்சுக் காட்டினா யாருக்குத்தான் தெரியாது? ரோட்டுல தெரியணுமே" என்றார் வீட்டுக்காரர். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகள் அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா பயப்படறாரும்மா, விட்டுக்குடுத்துடேன்" என்றாள். பக்கத்துக் கண்ணாடியை மாற்ற வந்த மெக்கானிக்கிடம் நர்ஸம்மா, தண்ணீர் பீய்ச்சுவதையும் பார்த்துவிடச் சொன்னாள். பின்னாலிருந்து வீட்டுக்காரர், "அதெல்லாம் வேணாம், இவளுக்குக் கண்ணு போச்சு, வண்டி இனிமே வெளிய போறதில்ல" என்றார். கார் அவளுடையது, ஓட்டுவது அவள், கூப்பிட்டது அவள். மெக்கானிக் சாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட உறைத்தது.

டம்ளரை மேஜை மேல் வைத்தாள்.

"சாயங்காலம்தானே வர்றான்? அதுக்குள்ள தண்ணி வந்துடும்."

"என்ன தண்ணி?"

"முன்கண்ணாடிக்கு."

"உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

"குழாயில தண்ணி போகலைன்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா வேற என்ன பண்ணேன்?"

அவள் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. கையில் ஏற்றிய சலைன் இறங்காமல் நின்றால், பாட்டிலைத் தட்டிக்கொண்டு நிற்பவள் புது நர்ஸ். பழகியவள் முதலில் ஊசி குத்திய இடத்தைப் பார்ப்பாள், அப்புறம் குழாயைத் தடவிக்கொண்டே மேலே போவாள், பாட்டிலுக்குக் கடைசியில்தான் வருவாள். நர்ஸம்மா பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மருந்துப் பையிலிருந்து பிரிக்காத பெரிய சிரிஞ்ச் ஒன்றையும் சின்ன ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வீட்டுக்காரர் செய்தித்தாளோடு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்க்கவில்லை என்று காட்டுவதற்காகத் தாளை உயரமாகப் பிடித்திருந்தார்.

முதலில் சாவியைப் பாதி திருப்பிக் குச்சியை இழுத்தாள். முன்பக்கம் எங்கோ அடியில் 'உர்ர்' என்றது. மோட்டார் உயிரோடு இருக்கிறது. பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தாள். பானெட்டின் மேல் கருப்பாக இரண்டு மூக்குகள் இருந்தன. அவற்றின் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் பாயும். துளை ஒவ்வொன்றிலும் ஊசியை வைத்து, அகலமாகிவிடாதபடி பதமாகக் குத்தினாள். வெள்ளையாகக் கொஞ்சம் செதில் உதிர்ந்தது. மறுபடி இழுத்தாள். 'உர்ர்'. ஒரு சொட்டுகூட இல்லை.

"எதையாச்சும் உடைச்சு வச்சுடாத" என்றது செய்தித்தாள்.

"உடைஞ்சா உங்க தம்பிதானே ஓட்டப் போறான். உங்களுக்கென்ன?"

அடுத்தது குழாய். பானெட்டின் உள்பக்கம் மெல்லிய கருப்புக் குழாய் ஓடி, ஒரு இடத்தில் இரண்டாகக் கிளை பிரிந்து, மூக்குக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. மூக்கிலிருந்து ஒன்றைக் கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, குச்சியை இழுத்தாள். டம்ளர் காய்ந்து கிடந்தது. ஆக அடைப்பு இன்னும் கீழே. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, மற்றக் கிளையை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, குழாய் நுனியில் வைத்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். கட்டைவிரல் வலிக்கிற அளவுக்குத் தள்ளினாள். நகரவில்லை. தடவிக்கொண்டே போனால் நடுவழியில் விரல் கணு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முடிச்சு.

அகப்பட்டாயா என்று அதைப் பிடுங்கி வெளியே எடுத்தாள். வெந்நீரில் போட்டாள், ஊசியால் குடைந்தாள், குலுக்கினாள். சிரிஞ்சை வைத்து மறுபடி தள்ளினாள். அசையவில்லை. முன்பகல் பொழுது பெரும்பாலும் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டுவதிலேயே போயிற்று. கடைசியில் வெறுத்துப்போய் வாயில் வைத்து மறுமுனையிலிருந்து ஊதினாள். சுலபமாகப் போனது. திருப்பிவைத்து ஊதினாள். போகவில்லை. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், முடிச்சின் மேல் ஒரு குட்டி அம்புக்குறி. தண்ணீர் மேலே போகலாம், கீழே திரும்பக் கூடாது. அதற்காக வைத்த கதவு அது. அடைப்பே இல்லை.

நர்ஸம்மா தனியாக நின்று சிரித்தாள். ரத்தம் கீழே இறங்கித் தேங்காமல் இருக்க நம் கால் ரத்தக்குழாய்க்குள்ளும் இதே மாதிரி குட்டிக் கதவுகள்தான் இருக்கின்றன. போன மாதம்தான் தச்சருக்கு இதைப் படம் போட்டு விளக்கிச் சொல்லியிருந்தாள். தெரிந்த விஷயமே கருப்புக் குழாய்க்குள் வந்ததும் தெரியாமல் போய்விட்டது.

"என்ன சிரிப்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு முட்டாளைப் பார்த்தேன்."

"யாரு?"

"உங்களை இல்ல. அவசரப்படாதீங்க."

இனி மிச்சமிருந்தது டேங்க்கும் மோட்டாரும். மேலே மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் நிறைந்துதான் இருந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் டேங்க்கின் வயிறும் மோட்டாரும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டுப் பழைய போர்வையை விரித்துப் படுத்தாள். சக்கரத்தின் உள்பக்கம் மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டின் கிளிப்புகளை மழுங்கின ஸ்பூன் காம்பால் ஒவ்வொன்றாக நெம்பினாள். ஒரு கிளிப் தெறித்துச் செடிக்குள் போய் விழுந்தது. தகட்டை மடக்கிப் பிடித்தபோது பல நாள் மண் உதிர்ந்து வாயில் விழுந்தது. துப்பிவிட்டுப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் ரப்பர் வளையத்துக்குள் செருகியபடி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியதாக, மோட்டார்.

கீழே வாளியை வைத்தாள். மோட்டாரைப் பிடுங்கினால் டேங்க் மொத்தமும் குபுகுபுவென்று கொட்டும் என்று முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இழுத்தாள்.

எதுவும் கொட்டவில்லை.

ஓட்டை திறந்தே இருந்தது. டேங்க் நிறைந்தே இருந்தது. அப்புறம் மெதுவாக, யாரையும் அவசரப்படுத்தாமல், இளஞ்சிவப்பாக ஒரு கூழ் அந்த ஓட்டையிலிருந்து எட்டிப் பார்த்தது. பொத்தென்று வாளியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு கட்டி.

நர்ஸம்மா ஒரு விரலில் எடுத்து மோந்தாள். ரோஜா வாசனை. தினமும் காலையில் குளித்துவிட்டு வரும்போது அவள் உடம்பில் வருகிற அதே வாசனை.

ஜன்னலில் தாள் சரசரப்பது நின்றிருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வந்தார். அவள் எழுந்து நின்று, உள்ளங்கையில் அந்தக் கூழை வைத்து நீட்டினாள்.

"இது என்ன?"

"ஏதோ ஜெல்லி மாதிரி இருக்கு."

"மோந்து பாருங்க."

மோந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வீட்டில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு ஒன்றுகூடச் சாக்கடைக்குப் போனதில்லை. வீட்டுக்காரருக்கு அது ஒரு கொள்கை. மெலிந்த துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, பழைய ஷாம்பு பாட்டிலில் அடைத்து, கை கழுவ வைப்பார். வேறு வீட்டிலென்றால் இப்படி நடந்திருக்காது. மிஞ்சிப்போனால் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருப்பார்கள்.

"கடையில அந்த நீலத் தண்ணியை விக்கறான் பாரு, அதுவும் சோப்புத் தண்ணிதானே?" என்று சப்பைக்கட்டு கட்டத் தொடங்கினார். "நம்ம சோப்பு அதைவிட நல்லா விளக்குமேன்னு... கொஞ்சம் திக்கா இருந்தா நல்லதுன்னு..."

"சூடா இருக்கறப்ப தண்ணி மாதிரிதான் ஓடும். ஆறினா உறைஞ்சு போகும். குளிர் வந்ததும் டேங்க்கு பூராவும் உறைஞ்சிருக்கு."

"தெரியாம செஞ்சுட்டேன்."

"தெரியாம செஞ்சதை நான் குத்தம் சொல்லல. நானும்தான் காலையில பூரா ஒரு முடிச்சைக் கட்டிக்கிட்டு அழுதேன். ஆனா எனக்குக் கண்ணு போச்சுன்னு மகள்கிட்ட சொன்னீங்க, தம்பிகிட்ட சொன்னீங்க, மெக்கானிக் முன்னாடி சொன்னீங்க. அது தெரியாம சொன்னதா?"

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டாம் முறையும் கொண்டுவந்தார். அவர் மேலேயிருந்து ஊற்ற, அவள் கீழே படுத்துக்கொண்டு பார்க்க, டேங்க்கிலிருந்து முதலில் சிவப்பாக, அப்புறம் வெள்ளையாக, அப்புறம் தெளிவாகத் தண்ணீர் இறங்கியது. மோட்டாரின் வாயில் இருந்த சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். ரப்பர் வளையத்தை ஈரம் பண்ணி மோட்டாரை அழுத்திச் செருகினாள். முடிச்சை அம்புக்குறி பார்த்து மாட்டினாள். செடிக்குள் போன கிளிப்பை அவரே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மாவுக்கு மனசு லேசாகிவிட்டது. வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்பு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

குடிக்கிற தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுக் குச்சியை இழுத்தாள். 'உர்ர்' என்றது, கொஞ்சம் காற்றைத் துப்பியது, பிறகு ஒரு தாரை கூரையைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. இன்னொன்று வீட்டுக்காரரின் வேட்டியை நனைத்தது. அவரே சிரித்துவிட்டார். மூக்கின் துளைக்குள் கடுகு அளவு ஒரு மணி உருளும். ஊசி முனையால் அதைத் திருப்பினால் தாரையும் திரும்பும். அவள் உள்ளே உட்கார்ந்து இழுப்பதும், இறங்கி வந்து திருப்புவதுமாக ஏறி இறங்கி, இரண்டு தாரையையும் ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். தோட்டத்து மண்ணைக் குழைத்துக் கண்ணாடி மேல் வேண்டுமென்றே அப்பி, ஒரு இழுப்பில் துடைத்தும் பார்த்துவிட்டாள்.

கொழுந்தன் பஸ்ஸில் வந்து இறங்கினான். திரும்பிப் போகும்போது காரில்தானே போகப் போகிறோம் என்ற தைரியம். வந்தவனுக்கு டீ கொடுத்தாள். வாசலுக்குக் கூட்டிப்போய்க் குச்சியை இழுத்துக் காட்டினாள். வாளியையும் காட்டினாள். அவன் சோப்புக் கூழைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இது உங்க வேலையா?"

அண்ணன் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தண்ணி வருது. சரி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாவியை அவன்கிட்ட குடு."

நர்ஸம்மாவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"இன்னைக்குச் சோப்பு. நாளைக்கு வேற ஒண்ணு. வயசாகுதில்ல? டேங்க்கை நீ கழுவிட்டா எல்லாம் சரியாப் போச்சா?"

"அண்ணி, அண்ணன் ஒரு முடிவு எடுத்துட்டாரு" என்று கொழுந்தன் இழுத்தான். "கொஞ்ச நாளைக்கு நான் வச்சிருக்கேனே. உங்க நல்லதுக்குத்தான்."

காலையிலிருந்து மண்ணில் படுத்து, வாயில் மண் விழுந்து, விரல் நகம் பிய்ந்து, எதற்காக இத்தனையும் செய்தோம் என்று நினைத்தாள். கண்ணாடி சரியாக இருக்கிறது என்று நிரூபித்தாகிவிட்டது. கண் சரியாக இருக்கிறது என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. நாளைக்குக் காது சரியாக இருக்கிறதா என்பார்கள், அதையும் நிரூபித்தால் மறுநாள் முட்டியைப் பார்ப்பார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றாள். "உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அன்னைக்குத் தூண்ல உரசினப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. அதுலருந்து நீ வெளிய போனா எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. கேட்டுச் சத்தம் கேக்கற வரைக்கும் இந்த ஜன்னல்லதான் கிடக்கேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

அவளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அதற்கு ஈடாகக் கோபமும் இருந்தது. இதை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, தன் பயத்தைத் தூக்கி என் கண்ணுக்குள் ஏன் போட்டார் என்று.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள். "பயம் உங்களோடது. அதை நீங்க வச்சுக்குங்க. கார் என்னோடது. அதை நான் வச்சுக்கறேன். எனக்குக் கண்ணு மங்கினா முதல்ல தெரியப்போறது எனக்குத்தான். அன்னைக்கு நானே சாவியைக் கழட்டி வைப்பேன். நீங்க யாரும் வந்து கேக்க வேண்டியதில்ல."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டாள். மருந்துப் பையை எடுத்தாள். தச்சர் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிற நேரம் ஆகிவிட்டது. அவருக்கு அவளைத் தவிர வேறு யாரும் வருவதில்லை. வெளியே வந்தபோது வீட்டுக்காரர் கேட்டுக்கு நேரே, காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கொழுந்தன் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றிருந்தான்.

"ஏறு தம்பி, போற வழிதான். பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடறேன்."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நகரவில்லை. அண்ணியைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான். நர்ஸம்மா வண்டியைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னங்க, நீங்களா நகர்ந்தா நல்லது. படுக்கையில கிடக்கற ஆம்பளைங்களைத் தூக்கிப் புரட்டிப் போடறவ நான். இறங்கி வந்தேன்னா, உங்களையும் அலாக்காத் தூக்கி ஓரமா வச்சுட்டுத்தான் போவேன். தம்பி பார்த்துட்டு இருக்கான். அது உங்களுக்கு நல்லாவா இருக்கும்?"

அவள் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். ஒதுங்கிப்போய் கேட்டின் இரண்டு கதவையும் திறந்து, ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டார். லெஃப்ட் என்றும் சொல்லவில்லை, ரைட் என்றும் சொல்லவில்லை. கார் தூணை உரசாமல் தெருவுக்கு இறங்கியது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் கொழுந்தனுக்கு உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது. சீட்டில் ஒருமுறை அசைந்தான்.

"அண்ணி... தப்பா நினைச்சுக்காதீங்க. அதோ தூரத்துல ஒரு கடை போர்டு இருக்கில்ல. அதுல என்ன போட்டிருக்குன்னு சும்மா சொல்லுங்களேன்."

பழைய இரும்பு வாங்கும் கடை. மேலே பெரிய எழுத்தில் அது இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றும், அதற்கும் கீழே பெயின்ட் உரிந்துபோன ஒரு போன் நம்பரும். எல்லாம் நர்ஸம்மாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நம்பரையே ஒப்பித்து இவன் வாயை அடைத்துவிடலாம் என்று ஒரு ஆசை எழுந்தது. அவள் அதை விழுங்கினாள்.

பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டினாள். நேராக அந்த போர்டுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இறங்கி நீயே படிச்சுப் பாரு, தம்பி. நிதானமா படி. பஸ் ஸ்டாண்டு இங்கருந்து நடக்கற தூரம்தான்."

"அண்ணி, நான் விளையாட்டுக்கு..."

"நானும் விளையாட்டுக்குத்தான் இறங்கச் சொல்றேன். இறங்கு. தச்சர் காத்துட்டிருக்காரு. இனிமே எனக்குப் பரீட்சை வைக்கற வேலை வேணாம்னு உங்கண்ணன்கிட்டயும் ஒரு போன் போட்டுச் சொல்லிடு."

அவன் இறங்கினான். கதவைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, தச்சர் வீட்டுச் சந்தைப் பார்க்க வண்டியைத் திருப்பினாள்.